கண்புரை அறுவைக்கு மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்புரைக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் எந்த லென்ஸ் வைப்பது என்று வீட்டில் நாள் கணக்கில் பேசுவார்கள். கண் மரத்துப்போக என்ன போடுவார்கள், அந்த நேரத்தில் நாடித்துடிப்பையும் மூச்சையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் அது கண்ணில் படும். காலையில் போய் அன்றைக்கே வீடு திரும்பும் கண்புரை அறுவை பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள். முடிவை உங்களைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும்.

பத்துப் பதினைந்து நிமிட ஆபரேஷன்தானே, இதற்கு மயக்க மருத்துவர் எதற்கு?

நேரக் கணக்கு சரிதான். அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் பேகோ முறையில், சிக்கல் இல்லாத கண் 10 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கீறல் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். ரத்த இழப்பு என்று சொல்ல எதுவும் கிடையாது. உடம்புக்கு மிகக் குறைந்த சுமை தரும் ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த மேஜையில் படுப்பவர் யார்? பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை இருக்கும், ரத்த அழுத்தம் இருக்கும், இதயத்தில் ஸ்டென்ட் இருக்கலாம், இரவில் இரண்டு தலையணை வைக்காமல் மூச்சு விடச் சிரமமாக இருக்கலாம். ஆபரேஷன் சின்னதாக இருந்தாலும் ஆளின் உடல்நிலை அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. எனவே எத்தனை பேர், எவ்வளவு தகுதி உள்ளவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கண்ணை எப்படி மரத்துப்போக வைக்கிறார்கள், கூடவே எவ்வளவு தூக்க மருந்து கொடுக்கிறார்கள், படுத்திருப்பவர் எப்படிப்பட்டவர். இதில் நடுவில் சொன்னதுதான் பல இடங்களில் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

கண்காணிப்பில் எத்தனை படிகள் இருக்கின்றன?

கீழ்ப்படியில் கண் மருத்துவரும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் மட்டும் இருப்பார்கள். விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கையில் ரத்த அழுத்தப் பட்டை. தூக்க மருந்து கிடையாது, அல்லது பதற்றம் குறைய ஒரு மாத்திரை. அடுத்த படியில் நரம்பு வழியாக, அதாவது கையின் ரத்தக்குழாயில், கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நர்ஸை நிறுத்துவார்கள். அதற்கு மேல், மயக்க மருத்துவர் அந்தக் கட்டடத்திலேயே இருப்பார், கூப்பிட்டால் உடனே வருவார். அதற்கும் மேலே, ஆரம்பம் முதல் கடைசி வரை அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து மருந்தையும் மூச்சையும் தானே கவனிப்பார். முழு மயக்கம் கடைசிப் படி.

சில நாடுகளில் மயக்க மருத்துவருக்குப் பதிலாக, அதற்கென்றே படித்த மயக்கவியல் நர்ஸ்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். யாருக்கு என்ன அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

கண்ணை மரத்துப்போக வைக்க என்னென்ன வழிகள்?

வியன்னாவில் கார்ல் கோலர் 1884-இல் கோகெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டினார். ஓரிடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து அறுவை செய்யும் முறை கண்ணில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து சுற்றி வந்து இன்றைக்கு மறுபடியும் சொட்டு மருந்துக்கே பலரும் திரும்பியிருக்கிறார்கள், கோகெய்ன் இல்லாமல்.

புரோபராகெய்ன், டெட்ராகெய்ன் போன்ற சொட்டுகளோ லிடோகெய்ன் ஜெல்லோ கண்ணின் மேற்பரப்பை மரத்துப்போக வைக்கும். புரோபராகெய்ன் சொட்டு பதினைந்து இருபது நிமிடம் தாங்கும். தேவைப்பட்டால் மறுபடி விடுவார்கள். கூடவே, பிரிசர்வேட்டிவ் கலக்காத லிடோகெய்னைக் கீறல் வழியாகக் கண்ணின் முன்னறைக்குள் சிறிதளவு செலுத்துவதும் உண்டு. ஊசியே இல்லை என்பதால் ஊசியால் வரும் ஆபத்தும் இல்லை. ஆனால் கண் அசையும், ஒளி தெரியும், தொடுவதும் அழுத்துவதும் உணர்வில் இருக்கும். நோயாளி சொன்னதைக் கேட்டு ஒத்துழைத்தால்தான் இது சரிப்படும்.

சப்-டெனான் முறையில், சொட்டு விட்ட பிறகு வெள்ளைவிழியின் மேல்சவ்வில் ஒரு சின்ன வெட்டு. அதன் வழியாக முனை மழுங்கிய, வளைந்த குழாயை விழியின் வளைவை ஒட்டி நுழைத்து மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் கண் அசையாமல் நின்றுவிடும். கூர் ஊசி உள்ளே போகாததால் விழியைக் குத்திவிடும் வாய்ப்பு மிகக் குறைவு. வெள்ளைப் பகுதி சிவந்து உப்பலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது தானாகவே சரியாகிவிடும்.

பெரிபல்பார், ரெட்ரோபல்பார் இரண்டும் கூர் ஊசியால் போடுபவை. முதலாவதில் விழியைச் சுற்றியுள்ள இடத்தில் மருந்து இறங்கும், இரண்டாவதில் விழிக்குப் பின்னே தசைகள் கூம்பாகச் சேரும் இடத்துக்குள். மரப்பு நன்றாகப் பிடிக்கும், மணிக்கணக்கில் நிற்கும்.

அந்த ஊசி போட்டால் மயக்க மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டுமா?

அந்த ஊசியால் பெரிய சிக்கல் வருவது அபூர்வம். ஆனால் வந்தால் சில நிமிடங்களில் வந்துவிடும், கண்ணோடும் நிற்காது. பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறைக்குள் மருந்து தப்பிப் போனால் அது மூளைத்தண்டு வரை சென்றுவிடும். நோயாளி திடீரெனக் குழம்பிப் பேசுவார், உடம்பு நடுங்கும், பேச்சு நின்றுபோகும், பிறகு மூச்சும் நிற்கலாம். அந்த நேரத்தில் முகக்கவசம் வைத்து, பை அழுத்தி, மருந்தின் வேகம் அடங்கும்வரை மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். பெரும்பாலும் ஆள் முழுதாகத் திரும்பிவிடுவார். அதைச் செய்யத் தெரிந்த கை பக்கத்தில் இல்லையென்றால் நிலைமையே வேறு.

இதைத் தவிர, விழிக்குப் பின்னால் ரத்தம் கசியலாம், விழியை ஊசி துளைத்துவிடலாம். விழியின் நீளம் 26 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் கடுமையான கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இந்தத் துளைக்கும் ஆபத்து கூடுதல். அவர்களுக்குச் சொட்டோ சப்-டெனானோ போதுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

பிரிட்டனில் மயக்கவியல், கண் மருத்துவம் இரண்டு ராயல் கல்லூரிகளும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, தூக்க மருந்து இல்லாமல் சொட்டு மருந்திலோ சப்-டெனானிலோ செய்தால் மயக்க மருத்துவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்கிறது. எனக்கும் நியாயமான எல்லைக்கோடாகவே அது தெரிகிறது. கூர் ஊசி என்று வந்துவிட்டால், மூச்சுப்பாதையைக் கையாளத் தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், கையில் ஊசிக்குழாய் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், ஊசி போட்ட பிறகு முதல் பதினைந்து இருபது நிமிடம் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு யாரும் நகரக்கூடாது.

“வலியே தெரியாமல் நல்லா தூங்க வச்சிடுங்க” என்று கேட்கலாமா?

அநேகமாக எல்லாருமே கேட்பதுதான். ஆனால் இந்த ஆபரேஷனில் ஆழ்ந்த தூக்கம் பல நேரம் உதவியை விடத் தொல்லையாகிவிடுகிறது.

முகம் முழுக்கத் துணி மூடியிருக்கும். ஒரு கண் மட்டும் வெளியே தெரியும். சர்ஜன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார், கருவி கண்ணுக்குள் இருக்கிறது. தூக்க மருந்து கொஞ்சம் கூடிப்போனதால் நோயாளி அசந்து தூங்கிவிடுகிறார். நாக்கு பின்னால் சரிகிறது, மெல்லக் குறட்டை. ஒவ்வொரு குறட்டைக்கும் தலை லேசாக ஆட, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்குக் கண்ணே மேலும் கீழும் போய் வருகிறது. திடீரென மூச்சு அடைத்து விழித்துக்கொள்கிறார். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் தலையைத் தூக்கப் பார்க்கிறார். கருவி நிற்கும் இடத்துக்கும் லென்ஸின் பின்சவ்வுக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம்தான். அந்தச் சவ்வு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கனம்.

தாடையைத் தூக்கிவிட்டு மூச்சைச் சரிசெய்யலாம் என்றால் அதற்கும் துணியை விலக்க வேண்டும். மற்ற ஆபரேஷன்களில் மயக்க மருத்துவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார். இதில் அந்த இடம் சர்ஜனுக்கு.

ஆகவே கேட்க வேண்டியது இது: பதற்றம் அடங்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள், நான் விழித்தே இருக்கிறேன்.

செடேஷனில், அதாவது தூக்க மருந்து கொடுப்பதில், அளவுகளை எப்படிப் பிரிக்கிறார்கள்?

மனம் லேசாகும், ஆனால் கூப்பிட்டால் வழக்கம்போலப் பதில் சொல்வார். இது குறைந்த அளவு. அடுத்தது மிதமானது: கண் சொருகும், பேசினாலோ மெல்லத் தட்டினாலோ பொருத்தமாகப் பதில் வரும். ஆழ்ந்த நிலையில் வலிக்கும்படியோ திரும்பத் திரும்பவோ தூண்டினால்தான் அசைவார். மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். அதற்கு அப்பால் முழு மயக்கம்.

இவற்றுக்கு நடுவே வேலி எதுவும் கிடையாது. முதியவர்களில் 1 மில்லிகிராம் மிடாசோலம் என்ற தூக்க மருந்து சிலரைச் சாந்தப்படுத்தும், சிலரை ஆழ்ந்து தூங்கவைத்துவிடும், சிலரை நேரெதிராகக் கிளர்ச்சியடைய வைத்து எழுந்து உட்காரச் செய்யும். கூடவே ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டிவிடும். அதனால்தான், எந்த அளவில் நிறுத்த நினைக்கிறோமோ அதைவிட ஒரு படி ஆழமாகப் போனால் மீட்டெடுக்கத் தெரிந்தவர் அறையில் இருக்க வேண்டும் என்பது மயக்கவியலில் அடிப்படை விதி. மிதமான அளவு திட்டமிட்டால் ஆழ்ந்த நிலையைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். முழு மயக்கத்துக்கும் பயன்படும் வேகமான மருந்தான புரோபோஃபால் என்றால் என்னைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, மயக்கவியல் படித்தவர் கையில்தான் அந்தச் சிரிஞ்ச் இருக்க வேண்டும்.

மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன் என்று அவற்றின் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் ஃப்ளூமாசெனிலின் வேகம் மிடாசோலத்துக்கு முன்பே தணிந்துவிடும். நோயாளி தெளிந்த மாதிரி இருந்து மறுபடி தூக்கத்துக்குள் போகலாம். “மாற்று மருந்து இருக்கிறதே” என்பதை மட்டும் நம்பி ஆளைக் குறைக்க முடியாது.

ஒரு உபரித் தகவல்: கண் ஊசியின் வலி தெரியாமலிருக்க புரோபோஃபால் கொடுத்துவிட்டு ஊசி போடும்போது சிலருக்குத் திடீரெனத் தும்மல் வரும். ஊசிமுனை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும்போது தும்மல்! அனுபவம் உள்ள குழு இதை எதிர்பார்த்தே தலையைப் பிடித்திருக்கும்.

மயக்க மருத்துவர் இருப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இரண்டு பக்கமும் பேசுகின்றன. மயக்க மருத்துவர் கூடவே இருந்து செய்த ஆயிரத்துச் சொச்சம் கண்புரை ஆபரேஷன்களை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல் அவர் ஏதோ ஒரு விதத்தில் தலையிட வேண்டியிருந்தது. யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே சரியாகச் சொல்லவும் முடியவில்லை. கட்டாயம் வேண்டும் என்பவர்கள் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் அந்தத் தலையீடுகளில் ஆறுதல் சொன்னது, ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தது எல்லாமே சேர்ந்திருந்தது. அத்தனையும் உயிர் காத்த தலையீடுகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்ப்பக்கம் 2001-இல் வந்தது. ஏறத்தாழ 19,000 ஆபரேஷன்களை அலசியதில், நரம்பு வழியாகத் தூக்க மருந்தும் வலி மருந்தும் கொடுத்தவர்களிடம் இதயம், மூச்சு, ரத்த அழுத்தம் சார்ந்த பிரச்சினைகள் அதிகமாக இருந்தன. மருந்து வகைகள் கூடக்கூட அதுவும் கூடியது. மயக்க மருத்துவர் சரிசெய்யும் பிரச்சினைகளில் ஒரு பங்கு நாம் கொடுக்கும் மருந்தே கிளப்பிவிட்டது என்று இதற்கு அர்த்தம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவக் குழுமம், ஆபரேஷன் தியேட்டரே இல்லாத சிறு சிகிச்சை அறைகளில், சொட்டு மருந்தில், மயக்க மருத்துவர் இல்லாமல் 21,000-க்கும் அதிகமான கண்களுக்குச் செய்த அனுபவம் 2016-இல் வெளியானது. முடிவுகள் நன்றாகவே இருந்தன. அங்கே உயிர்காப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே நாட்டில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் நடக்கும் கண்புரை ஆபரேஷன்களில் சுமார் பத்தில் ஒன்பதுக்கு மயக்கவியல் பணியாளர் இருக்கிறார் என்பதும் உண்மை. ஒரே நாட்டிலேயே இரண்டு பழக்கம்.

நான் புரிந்துகொள்வது இது. சொட்டு மருந்து, தூக்க மருந்து இல்லை, நிலையான உடல்நிலை என்றால் நல்ல பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். நரம்பில் மருந்து ஏற ஏற, கண்காணிப்பும் ஏற வேண்டும்.

யாருக்கு மயக்க மருத்துவர் கூடவே இருப்பது நல்லது?

நேரே படுத்தால் மூச்சு வாங்குபவர், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர் ஆகியோருக்கு. இதற்கு முன் மயக்க மருந்தில் சிக்கல் வந்தவர், வலிமருந்தையோ தூக்க மாத்திரையையோ பல வருடமாக எடுத்துக்கொள்பவர் இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; வழக்கமான அளவு இவர்களிடம் வேலை செய்யாது, அல்லது அளவுக்கு மீறி வேலை செய்யும். கண்ணிலேயே சிக்கல் இருந்து ஆபரேஷன் நீளும் என்று சர்ஜன் எதிர்பார்த்தாலும் அப்படித்தான்.

அப்பாவால் நேராகப் படுக்க முடியாது. இருமலும் உண்டு. என்ன செய்வது?

இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் சொல்லாதீர்கள். வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்: ஒரே ஒரு மெல்லிய தலையணை வைத்து, முகத்தின் மேல் ஒரு மெல்லிய துண்டைத் தளர்வாகப் போட்டு, அரை மணி நேரம் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். முடிகிறதா, எத்தனை நிமிடத்தில் புரள ஆரம்பிக்கிறார், மூச்சு திணறுகிறதா என்று பார்த்து அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். பத்துப் பரிசோதனைச் சீட்டை விட இது சர்ஜனுக்கு உதவும்.

மேஜையின் தலைப்பகுதியைச் சாய்வாக உயர்த்திச் செய்ய முடியும். முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால் முதுகுவலி குறையும். இதயச் செயலிழப்புக்காரருக்கு மருந்தைச் சரிசெய்து சில வாரம் கழித்து வைத்துக்கொள்வதும் ஒரு வழி; கண்புரை பெரும்பாலும் காத்திருக்கும். மூச்சுத்திணறலைத் தூக்க மருந்தால் அடக்குவது மட்டும் கூடாது. அது பிரச்சினையை மறைக்கும், மூச்சையும் குறைக்கும்.

முகத்தை மூடினாலே அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. அதற்குத் தூக்க மருந்து வேண்டாமா?

மூடிய இடத்துப் பயம் இருந்தால் முதலில் மருந்து இல்லாத வழிகளைப் பாருங்கள். துணியை ஒரு கம்பியின் மேல் கூடாரம் மாதிரித் தூக்கி நிறுத்தலாம், உள்ளே காற்றோ ஆக்ஸிஜனோ செலுத்தலாம். துணிக்குள் மூச்சுக்காற்று தேங்கி கரியமில வாயு கூடும்போதும் படபடப்பு வரும், அதைப் பலர் வெறும் பயம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரிய ஆறுதல். பல மையங்களில் அதற்கென்றே ஒருவர் உட்காருவார். பேச வேண்டுமானால் கையை அழுத்துங்கள் என்று சொல்லிவைப்பார்கள்.

நடக்கப்போவதை முன்னாலேயே விளக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். விழித்திருப்பவருக்கு ஒளியும் நிறங்களும் நகர்வது தெரியும், சிலருக்குக் கருவியின் நிழல்கூட. எதிர்பாராமல் பார்த்தால் மிரட்டும். தெரிந்து பார்த்தால் சிலர் ரசிக்கக்கூடச் செய்கிறார்கள். இத்தனைக்கும் பிறகும் பயம் அடங்காவிட்டால் குறைந்த அளவு மருந்து, அதற்கேற்ற கண்காணிப்பு.

ஆக்ஸிஜன் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. துணிக்குள் அது தேங்கியிருக்கும்போது ரத்தக்கசிவை நிறுத்தச் சூடு வைக்கும் கருவியைப் பயன்படுத்தினால் தீப்பிடிக்கலாம். அந்த நேரத்தில் ஆக்ஸிஜனை நிறுத்துவது குழுவின் பொறுப்பு.

காது கேட்காதவர், மறதிநோய் உள்ளவர், டாக்டரின் மொழி தெரியாதவர்?

மூன்றும் வேறு வேறு. காது கேட்காதவருக்குக் காதுக் கருவியைக் கழற்றச் சொல்லாமல், ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் காதிலாவது இருக்கட்டும் என்று கேளுங்கள். மொழி தெரியாதவருக்கு “அசையாதீர்கள், விளக்கைப் பாருங்கள், முடியப்போகிறது” என்ற மூன்று நான்கு வாக்கியங்களைச் சொல்ல அறைக்குள் ஓர் ஆள் போதும்.

மறதிநோய்தான் கடினம். ஆரம்பக் கட்டத்தில் பழகிய குரல் பக்கத்தில் இருந்தால் சொட்டு மருந்திலேயே முடித்துவிடலாம். முற்றிய நிலையில் தூக்க மருந்து குழப்பத்தைக் கூட்டும். சப்-டெனானில் கண்ணை அசையாமல் வைத்தும் தலையை அசைப்பார் என்றால் முழு மயக்கம்தான் பாதுகாப்பு. அதைத் தீர்மானிக்க மயக்க மருத்துவர் முன்னரே ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டுப்படுத்த முடியாத தலை நடுக்கத்துக்கும் இதே பதில். குழந்தைகளுக்கு எப்போதும் முழு மயக்கம்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தணுமா?

பெரும்பாலும் வேண்டாம். சொட்டு மருந்தில் செய்யும் பேகோ அறுவைக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவற்றை நிறுத்துவதால் வரும் இதய ஆபத்து, தொடர்வதால் வரும் ரத்தக்கசிவை விடப் பெரியது. வார்ஃபரின் எடுப்பவருக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அவரவருக்குரிய அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூர் ஊசியைத் தவிர்க்க இது இன்னொரு காரணம். சொந்தமாக முடிவெடுத்து எதையும் நிறுத்தாதீர்கள்.

மயக்கத்துக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: சிறுநீர் சிரமத்துக்கு டாம்சுலோசின் எடுத்திருந்தால், எப்போதோ நிறுத்தியிருந்தாலும், சர்ஜனிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் நடுவில் கருவிழிப்படலம் தளர்ந்து, கண்பாவை சுருங்கிக்கொள்ளலாம். தெரிந்திருந்தால் தயாராக இருப்பார்.

அன்றைக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

180/110-க்கு மேல் நின்றால் பல இடங்களில் தள்ளிவைப்பார்கள். பதற்றத்தில் ஏறியிருந்தால் கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்ப்பார்கள். மாத்திரையைக் கொடுத்து அவசரமாக இறக்குவது முதியவருக்கு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைய வழிசெய்துவிடும். வழக்கமான ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வருவது சாதாரணமாகப் பின்பற்றப்படுவது; உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் கட்டாயமா?

எல்லாருக்கும் தேவையில்லை. 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான பரிசோதனைகள் செய்தும் மறுபாதிக்குச் செய்யாமலும் அறுவை செய்து பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. சிக்கல்கள் இரு பக்கமும் ஒரே அளவுதான், ஆயிரத்துக்கு 31 வாக்கில். புதிதாக நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று ஏதாவது இருந்தால் அதற்குப் பரிசோதனை வேண்டும். ஆபரேஷன் என்ற பெயருக்காகக் கட்டுக்கட்டாக எடுப்பதில் பலன் இல்லை.

வெறும் வயிற்றில் வரணுமா?

தூக்க மருந்து கொடுப்பார்களா என்பதைப் பொறுத்தது. கொடுப்பதாக இருந்தால் லேசான உணவுக்குப் பிறகு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்குப் பிறகு 2 மணி நேரம் என்பதுதான் பொதுவான கணக்கு. சொட்டு மருந்து மட்டும் என்றால் பல இடங்களில் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்கிறார்கள்.

சர்க்கரைக்காரர்கள் கவனம். சாப்பிடாமல் இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டு வந்து, சர்க்கரை இறங்கி, வியர்த்துக் குழம்பி, அதை ஊசியின் விளைவு என்று மற்றவர்கள் நினைத்து நேரம் கடத்துவது நடக்கக்கூடியது. அன்றைய மருந்தை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாக்ளுடைட் போன்ற ஊசி போடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், தூக்க மருந்தோடு சேரும்போது அது முக்கியம்.

நடுவில் வலித்தால் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். தலையைத் திருப்பாமல், கையைத் தூக்காமல், வாயால் சொல்லுங்கள். உள்ளே திரவம் பாயும்போது அழுத்தம் தெரிவது சகஜம். கூர்மையான வலி வந்தால் மருந்து சேர்க்கலாம், தேவைப்பட்டால் சப்-டெனானுக்கு மாறலாம். இருமல், தும்மல் வருவதற்கு முன்பும் சொன்னால் சர்ஜன் கருவியை வெளியே எடுத்துக்கொள்வார்.

முதல் கண் சுலபமாக முடிந்தது. இரண்டாவதற்கும் அப்படியேதானா?

இல்லை என்று பலர் சொல்கிறார்கள். இரண்டாவது தடவை பயம் குறைந்திருப்பதால் கவனம் முழுக்க உணர்வின் மேல் போய், வலி கூடுதலாகத் தெரிவதாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. முதல் தடவை நிறையத் தூக்க மருந்து கொடுத்திருந்தால் ஞாபகமே இருந்திருக்காது என்பதும் ஒரு காரணம். முறையை மாற்றத் தேவையில்லை, சொல்லிவைத்தால் போதும்.

நாங்கள் போகும் மையத்தில் என்ன கேட்கலாம்?

பெரிய விளக்கம் கேட்க வேண்டாம். சொட்டா, சப்-டெனானா, கூர் ஊசியா? நரம்பில் தூக்க மருந்து உண்டா? அதைக் கொடுப்பது யார்? கொடுத்த பிறகு நோயாளியை மட்டும் பார்க்கிற ஆள் யார்? மூச்சு நின்றால் கையாளுபவர் யார், எவ்வளவு நேரத்தில் வருவார்?

நான்காவது கேள்விக்கு வரும் பதிலில்தான் நிறையத் தெரிந்துவிடும். “நர்ஸ் இருக்காங்க” என்றால், அந்த நர்ஸ் கருவி எடுத்துக் கொடுக்கவும் லென்ஸ் பெட்டி பிரிக்கவும் கணினியில் பதிவுசெய்யவும் ஓடினால் அவர் கண்காணிப்பவர் ஆகமாட்டார். மிதமான தூக்க மருந்து கொடுத்தால் வெளிவிடும் மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் மானிட்டரும் இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது விரலில் உள்ள எண் 98 என்று நின்றுகொண்டிருக்கும், மூச்சு குறைந்தது அதில் தாமதமாகத்தான் தெரியும்.

மயக்க மருத்துவர் ஒருவரே இரண்டு மூன்று அறைகளைப் பார்க்கிறார் என்றால், தூக்க மருந்தே இல்லாத நோயாளிகளுக்கு அது பொருந்தும். நரம்பில் மருந்து ஓடும் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரோ அவர் பொறுப்பில் பயிற்சி பெற்ற ஒருவரோ நிற்க வேண்டும்.

முடிந்த பிறகு எவ்வளவு நேரம் இருக்கணும்? வீட்டில் என்ன கவனிக்கணும்?

சொட்டு மருந்து மட்டும் என்றால் கொஞ்ச நேரத்தில் நடந்தே போகலாம். தூக்க மருந்து கொடுத்திருந்தால் தெளிவாகப் பேசி, தள்ளாடாமல் நடக்கும்வரை உட்காரவைப்பார்கள். அன்று முழுக்கக் கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஊசியிலோ சப்-டெனானிலோ செய்திருந்தால் இமை சரியாக மூடாமலும், இரண்டிரண்டாகத் தெரிந்தும் சில மணி நேரம் போகும். அதுவரை கட்டைப் பிரிக்காதீர்கள். மரத்துப்போன கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. மரப்பு விட்டதும் லேசான உறுத்தல் இருக்கும். மாத்திரைக்கு அடங்காத வலி, வாந்தியோடு கண்வலி, பார்வை மங்கிக்கொண்டே போவது, சிவப்பு கூடுவது இவற்றில் ஏதாவது வந்தால் ராத்திரி ஆனாலும் மையத்தின் அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.